போர்க்கப்பலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

“இருவது வருசமா ஓடாம நின்னுக்கிட்டிருந்த இங்கிலீசுக்காரன் போர்க்கப்பல, ஒத்தை எலுமிச்சம்பழத்த வெச்சு நகத்துனவன் நானுங்க!”

புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் இருந்த பாவாயி டீக்கடையில் மயில்சாமி இப்படிச் சொன்னபோது, பெஞ்சுகளில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேர் அந்த நிமிடமே நம்பினார்கள். “அப்படீங்களா மாமா!” என்றார்கள். டம்ளரை வைத்தார்கள். லாரியில் ஏறி ஆளுக்கொரு திசையாகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்விட்டார்கள். நம்பிவிட்டால் எழுந்து போய்விடலாம் பாருங்கள், அதில் அப்படி ஒரு சௌகரியம்.

பதினோராவது ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“எலுமிச்சம்பழத்தாலயா?” என்றார் அவர்.

“ஆமாங்க.”

“கப்பலையா?”

“போர்க்கப்பலுங்க.”

“யோவ் மயில்சாமி, இது வடிகட்டின பொய். வா, இப்படி உட்காரு. மொதல்லேருந்து சொல்லு.”

அவர் பெயர் அருணகிரி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்குப் போஸ்ட்மாஸ்டராக வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே மனைவியைப் பறிகொடுத்து, திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்திய கை. கடவுளே நேரில் வந்தாலும் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, முகவரி சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கும்பிடுவார்.

மயில்சாமி முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். அவர் போகாத ஊருக்கு ரோடே இல்லை என்று அவரே சொல்வார். மனைவி பொன்னாத்தாள் போன மறுவருடம், அதாவது எண்பதாம் ஆண்டு, இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் டாக்டராக இருந்த மகன் அவரை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப் போனான். ஆறு மாதம் அங்கே இருந்தார்.

இருந்தார் என்பதுதான் சரியான வார்த்தை. காலை ஏழு மணிக்கு மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வருவார்கள். பகல் முழுக்க வீட்டில் சத்தம் போடுகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான்: பிரிஜ்ஜு. அதுவும் கால் மணிக்கு ஒருதரம்தான் ‘உம்’ கொட்டும். முதல் மாதம் அதனோடு பேசிப் பார்த்தார். இரண்டாம் மாதம் தெருவில் இறங்கி நடந்தார். தெரு முடிந்த இடத்தில் கடல் இருந்தது. கடலோரத்தில் அந்தப் போர்க்கப்பல் நின்றது.

“ரண்டாம் உலகப் போர்ல சண்டை போட்ட கப்பலுங்க. ஓட்டம் நிறுத்திப்போட்டு, பெயிண்டு அடிச்சு, சனங்க பாக்கறதுக்குன்னு காட்சியா நிறுத்தி வெச்சிருக்கறாங்க. ஒவ்வொரு பீரங்கியும் நம்ம பனைமரத்துல ரண்டை ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்துன நீளம். உள்ளார போனா இஞ்சின் ரூமு. அந்த இஞ்சினுக்கு ஆயில் மாத்தோணும்னா நாமக்கல் கமலாலயக் குளத்தை வடிச்சாத்தான் ஆகும்!”

“குளத்துல தண்ணியே இல்லய்யா.”

“இருந்தா சொல்றனுங்க. அப்பறம், மாலுமிக படுக்கறதுக்குத் தொட்டில்.”

“தொட்டிலா?”

“தூளிங்க. மீசை வெச்ச ஆம்பளைக தூளியில தூங்கிக்கிட்டே உலகப் போரை செயிச்சிருக்கறாங்க. அங்க ஒரு மாலுமி தூளிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான். அவங்கிட்டத்தான் எங் கதையெல்லாம் சொன்னேன். பொன்னாத்தாள் சங்கதி, லாரி சங்கதி, எல்லாம். பத்து நாளு. அப்படிக் கேட்டானுங்க! குறுக்க ஒரு பேச்சுப் பேசல.”

“தமிழ் தெரியுமா அவனுக்கு?”

“பதினோராவது நாளு தொட்டுப் பாத்தேன். மெழுகு பொம்மை.”

பாவாயி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் விழுந்தது. அருணகிரி சிரிக்கவில்லை. மெதுவாக, “பத்து நாளா?” என்றார்.

“அவனப் போல கேக்கற ஆளு இங்க யாரு இருக்கறாங்க?” என்று சொல்லிவிட்டு மயில்சாமி அடுத்த கட்டத்துக்குத் தாவினார்.

அடுத்த கட்டம்தான் ஆயுத பூஜை.

பூஜை நாளன்று மயில்சாமிக்குக் கை நிற்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்த நாளில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்க வண்டியை ஓரடி நகர்த்திய மனிதர். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே வண்டி அந்தக் கப்பல். அதுவும் இத்தனை வருடமாக ஒரு பூஜையும் காணாமல் நிற்கிற வண்டி. பாவமாக இருந்தது.

வெள்ளைப் பூசணி கிடைக்கவில்லை. சுரைக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் பிறந்தது மாதிரி ஒன்று கிடைத்தது. அதைக் குடைந்து, ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமம் முழுவதையும் உள்ளே கொட்டி, கோட்டுக்குள் மறைத்து எடுத்துப் போனார். கப்பலின் மூக்கு முனையில் நின்று மூன்று சுற்றுச் சுற்றி, போட்டார் ஒரு போடு.

“ஒரு வெள்ளைக்காரம்மா கத்துனா பாருங்க, கடல்ல மீனெல்லாம் ஒரு மைல் தள்ளிப் போயிருச்சு. தரையெல்லாம் செவப்பு. கொலை உழுந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அட, தொடச்சு உட்ரலாம்னு துண்டுல தொடச்சேன். துண்டு செவப்பாயிருச்சு. கையி செவப்பாயிருச்சு. மூஞ்சியத் தொடச்சேன், அதுவும் செவப்பு.”

“சரி, சொல்லிப் புரியவெக்கறதுதானே?”

“வெச்சனுங்க. ‘ஒண்ணுமில்லீங்க, இப்படித் தலைக்கு மேல தூக்கி, இப்படி ஒரே போடு போட்டேன், அவ்வளவுதான்’னு கையால காட்டுனேன். நாலு பேரு மயங்கி உழுந்துட்டாங்க.”

“அப்புறம்?”

“மனசு சாந்தமாகட்டும்னு சூடத்தைப் பத்த வெச்சேன்.”

“போர்க்கப்பல்லயா!”

“அதுக்குத்தான் சங்கு ஊதுச்சு. நெருப்பணைக்கற வண்டி மூணு, போலீசு ரண்டு. ஒவ்வொரு போலீசும் ஏழடி. என்னைய ரண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் பெரியண்ணன் வந்தாருங்க.”

பெரியண்ணன் என்பது கப்பல் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வெள்ளைக்காரக் கிழவர். சண்டைக் காலத்தில் அதே கப்பலில் மாலுமியாக இருந்தவர். அவருடைய நிஜப் பெயர் மயில்சாமி வாயில் நுழையாததால் ‘பெரியண்ணன்’ என்று கூப்பிட, அவரும் ‘எஸ்’ என்று திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார். தினமும் டிக்கெட்டைக் கிழித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த ஊரில் மயில்சாமியைப் பார்த்து ஆடிய ஒரே தலை அது.

“என்னன்னு கண்ணாலயே கேட்டாரு. நான் கீழ கூட்டிப் போய்க் காட்டுனேன். கப்பல் கரையில மோதாம இருக்கறதுக்கு, வரிசையா லாரி டயரு தொங்க உட்டிருக்கறாங்க. நாப்பது டயரு. எங்கிட்ட இருந்தது ஒத்தப் பழம். ஒரு டயருக்கும் கப்பலுக்கும் நடுவால சொருகி வெச்சிருந்தேன். இது நசுங்காம நான் வரமாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டேன். போலீசும் நிக்கறான், பெரியண்ணனும் நிக்கறாரு, ஊரே நிக்குது. ஒரு மணி நேரம். கப்பல் அசையல. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்ப, ஒரு சத்தமுமில்லாம, அத்தாப் பெரிய கப்பல் நாலு விரக்கடை நகந்து வந்துதுங்க. நச்! பழம் போச்சு. சனமெல்லாம் கை தட்டுச்சு!”

மயில்சாமி மேல்மூச்சு வாங்கினார். அருணகிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நங்கூரம் போட்ட கப்பல் நகராது. ஆதாரம் இருந்தா நாளைக்குக் கொண்டு வா.”

இப்படித்தான் ஆரம்பித்தது.

மறுநாள் மயில்சாமி போட்டோ கொண்டு வந்தார். மகன் எடுத்தது. அதில் மப்ளரும் மயில்சாமியும் தெளிவாகத் தெரிந்தார்கள். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்.

“இது சேலம் ஜங்ஷன் கூட்ஸ் வண்டி” என்றார் அருணகிரி.

“ஏனுங்க, கப்பல் பெருசு, போட்டோ சிறுசு. எப்படிங்க முழுசா உழுகும்?”

“அப்ப டிக்கெட் இருக்கணுமே?”

அதற்கு மறுநாள் டிக்கெட் வந்தது. ஒன்றில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய. அருணகிரி மேசை மேல் கொட்டி எண்ணினார்.

“நூத்திப் பதினாலு! ஒரே கப்பலை எவனாவது நூத்திப் பதினாலு தடவை பார்ப்பானா? இது எங்கயோ டவுன் பஸ் டிக்கெட்டு.”

மயில்சாமி டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட்டார். பாவாயி கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அருணகிரியே, “சரி, அது எவ்வளவு நீளம்னு சொல்லு” என்றார்.

“இங்கிருந்து ரைஸ் மில்லு வரைக்கும்.”

“பொய். அவ்வளவு நீளம் இருக்காது. வரைஞ்சு காட்டு.”

வரைந்துதான் காட்டினார். மறுநாள் விடியற்காலையிலேயே ஒரு மூட்டைச் சுண்ணாம்புப் பொடியோடு இறங்கி, டீக்கடையிலிருந்து ரைஸ் மில்வரை ரோட்டோரமாகக் கோடு இழுத்தார். மூக்கு முனை டீக்கடைக்குள் புகுந்தது. பீரங்கி மேடைக்கு ஒரு வட்டம் வேண்டியிருந்தது. அது பெருமாயி என்ற கிழவியின் வீட்டைச் சுற்றி விழுந்தது.

பெருமாயி எழுந்து வந்து வட்டத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவள் வைத்த ஒப்பாரி ராசிபுரத்துக்குக் கேட்டது.

“ஐயோ! ரோட்டை அகலம் பண்றாங்களே! ஊட்டை இடிக்கக் குறி போட்டுட்டாங்களே!”

கோட்டுக்குள் அகப்பட்ட பதினேழு கடைக்காரர்களும் திரண்டார்கள்.

“ஏனுங்க, யாரு உத்தரவு?”

“உத்தரவெல்லாம் இல்லீங்க. இது கப்பலு” என்றார் மயில்சாமி, சமாதானமாக.

அதுதான் தப்பாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் புதுச்சத்திரத்துக்குத் துறைமுகம் வருகிறது என்று செய்தி பரவிவிட்டது. கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கால்வாய் வெட்டிக் கொண்டுவருவார்கள் என்று மல்லசமுத்திரத்திலிருந்து மூன்று பேர் நிலம் விசாரிக்க வந்தார்கள். சாயங்காலம் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்தது. அதில் வந்த அதிகாரி கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“எவன்யா இதைப் போட்டது?”

“நானுங்க. இந்தப் போஸ்ட்மாஸ்டர் நம்ப மாட்டீங்கறாருங்க.”

“அதுக்கு?”

“முப்பத்தெட்டு வருசம் வண்டி ஓட்டியிருக்கறேன் சாமி. ஒருத்தரையும் நம்ப வைக்கோணும்னு எனக்கு அவசியம் வந்ததில்ல. இவரு ஒருத்தரு நம்புனாப் போதுமுங்க.”

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, கேஸ் எழுதாமல், இருட்டுவதற்குள் கப்பலை அழித்துவிட வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். ஒரு போர்க்கப்பலை விளக்குமாற்றால் மூழ்கடித்த உத்தரவு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். மயில்சாமி ஒரு பக்கமிருந்து கூட்ட, இன்னொரு பக்கமிருந்து அருணகிரி கூட்டிக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது இருவரும் தலைமுதல் கால்வரை வெள்ளையாக இருந்தார்கள்.

“நீளம் சரியாத்தான் இருக்கும் போல” என்றார் அருணகிரி, தும்மிக்கொண்டே. “ஆனா எலுமிச்சம்பழத்தை நம்ப முடியாது.”

“அப்ப அந்தப் பெரியண்ணனுக்கே எழுதிக் கேளுங்க! கப்பல் பேருக்குப் போட்டா போயிச் சேரும்.”

அருணகிரி எழுதினார். ஆறு பக்கம், முத்து முத்தான இங்கிலீஷில். இன்ன நாளில் இன்ன ஆள் உங்கள் கப்பலில் காய் உடைத்தது உண்டா, கப்பல் நகர்ந்தது உண்டா, தயவுசெய்து உறுதி செய்யவும். பதில் இங்கிலீஷில்தான் வரும், மயில்சாமிக்குப் படிக்க வராது என்பதால், தன் வீட்டு முகவரியையே கொடுத்தார். அது மாசி மாதம்.

அப்புறம் தினமும் இதே கதைதான். காலை பத்து மணிக்கு மயில்சாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருவார். அருணகிரி அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

“வந்துதுங்களா?”

“வரலியே.”

“வெள்ளைக்காரன் பொறுமையாத்தான் எழுதுவான்.”

“பொய்யை உறுதி செய்ய அவனுக்கும் சங்கடமா இருக்கும். சரி, அந்தப் போலீசுக்காரன் ஏழடின்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு.”

சொல்வார். போலீஸ்காரர்கள் ஏழரை அடி ஆனார்கள். எட்டடி ஆனார்கள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மத்தியானம் ஒரு மணிக்குச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்டு ஆளுக்கொரு பூட்டைத் திறக்கப் போவார்கள். நாலு மணிக்கு, விட்ட இடத்தில் சண்டையைத் தொடர மறுபடி வருவார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி. பதில் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மயில்சாமி கசங்கிய சட்டையோடு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. கையில் வெளிநாட்டுக்குப் போகிற ஏரோகிராம் கடிதம் ஒன்று இருந்தது.

“எம் பையனுக்கு ஒரு வரி எழுதி வெச்சிருக்கறேனுங்க. வெளியில அட்ரசு மட்டும் இங்கிலீசுல எழுதிக் குடுங்க.”

“என்ன எழுதின?”

“வாரேன்னு. ஒரேயடியா வந்தர்றேன்னு. ஊட்டைப் பூட்டிச் சாவியப் பாவாயிகிட்டக் குடுத்தர்றேன்.”

“அங்க போய் என்னய்யா பண்ணுவ? பிரிஜ்ஜுகிட்டப் பேசுவியா?”

“பேசறனுங்க. ஏழு மாசமாச்சு. இந்தப் பெஞ்சுல பொய்யனாட்டம் உக்காந்தது போதும். அந்த மெழுகு பொம்மை நான் சொன்னதை ஒரு நாளாச்சும் பொய்யின்னு சொல்லுச்சா?” மயில்சாமி ஏரோகிராமை நீட்டினார். “நான் செத்தாலும் போஸ்ட்மாஸ்டரு நம்பாமயே போயிருவாரேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வர மாட்டீங்குது. எழுதுங்க.”

பாவாயி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

அருணகிரி ஏரோகிராமை வாங்கினார். பேனா மூடியைக் கழற்றினார். வாழ்க்கையில் பத்தாயிரம் முகவரி எழுதிய கை, காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பிறகு உள்பனியனுக்குள் கைவிட்டு ஓர் உறையை எடுத்து பெஞ்சில் வைத்தார்.

மூலையில் கப்பல் படம் போட்ட உறை. எத்தனை முறை பிரித்து மடித்தார்களோ, மடிப்பெல்லாம் கிழிந்து, தபால்தலைத் தாளின் ஓரப் பட்டையால் ஒட்டப்பட்டிருந்தது. மேலே விழுந்திருந்த புதுச்சத்திரம் முத்திரை சித்திரை மாதத்தது.

மயில்சாமி உள்ளே இருந்ததை உருவினார். ஒரு போட்டோ. கப்பலின் மூக்கு முனை, தரையெல்லாம் சிவப்பு, இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் கோட்டும் குங்குமமுமாகக் கும்பிட்டுக்கொண்டு அவரேதான். பக்கத்தில் பெரியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கூடவே நடுங்குகிற எழுத்தில் ஒரு கடிதம்.

“என்னங்க எழுதியிருக்குது?”

“இந்த வருசம் எலுமிச்சம்பழத்தை அவரே வெக்கப் போறாராம். எந்த டயருக்குன்னு உன்னைக் கேட்டு எழுதச் சொல்றார்.”

“சித்திரையில வந்ததா? அப்ப இத்தனை நாளா...” மயில்சாமி முத்திரைத் தேதியை விரலால் தொட்டார். “ஏனுங்க, தினமும் என்னையப் பொய்யன்னு சொன்னீங்களே!”

அருணகிரி ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போய், அதன் புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நடந்தது நடந்ததுதான்யா. இந்தக் கடிதாசி வர்றதுக்கு முன்னாலயே, நீ சொன்ன மொத நாளே நம்பிட்டேன். ஒத்துக்கிட்டிருந்தா, மறுநாள் நீ எதுக்கு இந்தப் பெஞ்சுக்கு வந்திருப்ப?”